ஃபியூஸ் எங்கே இருக்கிறது?

"பாட்டு பாடுதா இல்லையா? பாடுது. அப்புறம் எதுக்கு மாப்பிள்ளை அதைப் போய் நோண்டணும்?" காரிலிருக்கும் ஆம்ப்ளிஃபயரை இடம் மாற்றலாம் என்று நான் சொன்னதற்கு மாமா இப்படிக் கேட்டபோது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. மாமா என்றால் என் மனைவியின் அப்பா. அவர் கோபத்தில் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பல வருஷமாக ஒரு தொந்தரவும் கொடுக்காத சாமானை எதற்குப் பிரித்துப் போட வேண்டும்? வீட்டு வயரிங், கேஸ் குழாய், மாடிப்படிக் கைப்பிடி என்று எதை எடுத்தாலும் நாம் எல்லோரும் கேட்கிற கேள்விதான் இது. ஓடிக்கொண்டிருக்கிறது, விட்டுவிடு. அந்தப் பேச்சுக்கு நியாயமாக ஒரு பதில் சொல்ல வேண்டும் என்று அன்றிலிருந்து தோன்றிக்கொண்டே இருக்கிறது.

தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பன்காரர்களுக்குக் கார் ஆடியோவைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சாட்ஸ்வொர்த் டாக்ஸி ஒன்று தெருமுனையில் திரும்பினால் வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து அது நமக்குத் தெரியும். பின்சீட்டுக்குப் பின்னால் பெரிய பெரிய சப்வூஃபரை அடுக்கிக்கொண்டு ஓடுகிற ஊர் இது. மாமாவுக்கு அதெல்லாம் ஆகாது. நிறவெறி ஆட்சியில், சின்ன வயதில் கேட்டோ மேனரிலிருந்து குடும்பத்தோடு சாட்ஸ்வொர்த்துக்குத் தள்ளப்பட்டவர். தமிழ் கேட்டால் நன்றாகப் புரியும், பேச்சில் பாதி இங்கிலீஷ். ஆனால் காரில் ஏறினால் நாதஸ்வரம், தேவாரம், பழைய பக்திப் பாட்டு, மிச்ச நேரம் லோட்டஸ் எஃப்எம். பாட்டில் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதற்காகவே தன் பழைய கொரோலாவில் நாலு சேனல் ஆம்ப்ளிஃபயர் ஒன்றைப் போட்டிருந்தார். நாலு ஸ்பீக்கர், ஒவ்வொன்றுக்கும் 50 வாட். சப்வூஃபர் கிடையாது. ஆம்ப் இருந்தது முன்பக்கப் பயணி சீட்டுக்கு அடியில்.

சீட்டுக்கு அடி கெட்ட இடம் என்று சொல்ல மாட்டேன். வயர் நீளம் குறையும், கண்ணிலும் படாது. ஆனால் அங்கே ஏர்பேக்குக்கும் சீட் பெல்ட்டுக்கும் போகும் மஞ்சள் கனெக்டர்கள் இருக்கின்றன, பின்னால் உட்காருகிறவர்களின் கால் இடிக்கிறது, சூடு வெளியேற வழியில்லை. எல்லாவற்றையும் விட, காருக்குள் தண்ணீர் வந்தால் முதலில் நிற்கிற இடம் அதுதான். 2022 ஏப்ரலில் அது நடந்தது. எங்கள் குவாசூலு-நடால் மாகாணத்தில் 400க்கும் மேற்பட்டோர் இறந்த அந்த வெள்ளத்தில் எங்கள் குடும்பத்துக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, அதுவே பெரிய விஷயம். கார் நின்ற இடத்தில் தண்ணீர் கதவிடுக்கு வழியாக ஏறி கார்பெட் முழுக்க ஊறிப்போனது. அந்த வாரம்தான் புனித வெள்ளி, செகண்ட் ரிவர் கோயிலில் தீமிதி நடக்கும் நாள். அந்தக் கோயிலின் பழைய கட்டடமே 1905 வெள்ளத்தில் போனதுதான். இந்த ஊருக்குத் தண்ணீர் புதிதல்ல.

ஆம்ப் நனைந்தது, வெயிலில் காய்ந்தது, மறுபடியும் பாடியது. மாமாவுக்கு அதில் ஒரு பெருமை. எனக்கு அதன் டெர்மினல் திருகுகளில் பூத்திருந்த பச்சையும் வெள்ளையுமான பொடிதான் கண்ணில் நின்றது. டர்பனின் உப்புக் காற்றில் ஒரு முறை நனைந்த இணைப்பு உள்ளுக்குள் அரித்துக்கொண்டேதான் இருக்கும். டிக்கிக்கு மாற்றிவிடலாம் என்று அப்போதிருந்தே சொல்லிக்கொண்டிருந்தேன். மாமா தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்.

கடைக்காரர் சொன்ன வழி

கடைசியில் ஒரு ஆடியோ கடைக்குப் போனோம். கடை பெயர் வேண்டாம். எட்டிப் பார்த்துவிட்டு, "சின்ன வேலைதான் அங்கிள். இருக்கிற வயரை வெட்டி, நீட்டு போட்டு, டிக்கிக்குக் கொண்டுபோயிடலாம்" என்றார் அங்கிருந்த பையன். மாமா முகம் மலர்ந்தது. எனக்கு அந்த "நீட்டு" பிடிக்கவில்லை.

ஆம்பை இடம் மாற்றுவது என்றால் ஒரு பெட்டியைத் தூக்கி இன்னொரு இடத்தில் வைப்பது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பெட்டி நகர்வது அதில் சின்னப் பகுதி. அது நகர்ந்தால் பேட்டரியிலிருந்து வரும் வயரின் நீளம் மாறுகிறது, நீளம் மாறினால் தடிமன் மாற வேண்டும். எர்த், அதாவது மின்சாரம் காரின் இரும்பு உடல் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு, அதை எடுக்கும் இடம் மாறுகிறது. ஸ்டீரியோவிலிருந்து பாட்டைக் கொண்டுவரும் ஆர்சிஏ வயர் போகும் பாதையும் மாறுகிறது. ஒவ்வொன்றும் புதிதாகச் செய்ய வேண்டிய வேலை. நடுவில் வெட்டி முறுக்கி டேப் சுற்றினால், கார்பெட்டுக்கு அடியில் ஈரத்திலும் மிதியிலும் கிடக்கப்போகிற இன்னும் சில இணைப்புகள் சேரும், அவ்வளவுதான்.

கணக்கே போட்டுப் பார்க்கலாம். நாலு சேனலும் முழு வேகத்தில் பாடினால் 200 வாட். பழைய ஏபி வகை ஆம்ப் எடுக்கும் மின்சாரத்தில் பாதிக்குச் சற்று மேல்தான் ஸ்பீக்கருக்குப் போகும், மிச்சம் சூடாகப் போய்விடும். அப்படியானால் 200 வாட்டுக்குச் சுமார் 360 வாட் இழுக்கும். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட் என்று வைத்தால் 26 ஆம்பியர். கேஜ் என்பது வயரின் தடிமன் அளவு, எண் குறையக் குறையத் தடிமன் கூடும். எட்டாம் கேஜ் செம்பு வயரின் தடை ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 2 மில்லியோம். டிக்கி வரை 5 மீட்டர் என்றால் 10 மில்லியோம், அதாவது வழியிலேயே கால் வோல்ட் போச்சு. தாங்கக்கூடியதுதான். ஆனால் அந்த வயர் உண்மையிலேயே செம்பாக இருக்க வேண்டும், இணைப்புகள் உறுதியாக இருக்க வேண்டும். அரித்துப்போன ஒரு முறுக்கு இணைப்பு, தான் ஒன்றாகவே இந்த 5 மீட்டர் வயரை விட அதிகமான தடையைக் கொடுக்க முடியும்.

"வீட்டிலேயே செய்யலாம் மாமா, நான் பண்றேன்" என்றேன். அதற்குத்தான் அந்தக் கேள்வி வந்தது: பாடுது, அப்புறம் எதுக்கு நோண்டணும்?

கார்பெட்டுக்கு அடியில்

முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றினோம். மஞ்சள் கனெக்டர் இருக்கும் சீட்டைத் தூக்குவதற்கு முன் இது கட்டாயம். கழற்றிய பிறகும் உடனே கை வைக்கக் கூடாது, ஏர்பேக் சர்க்யூட்டில் தேங்கியிருக்கும் மின்சாரம் வடியச் சில நிமிஷம் விட வேண்டும். அந்த நேரத்தில் அத்தை டீ கொண்டுவந்தார். குடித்துவிட்டு சீட்டின் நான்கு போல்ட்டையும் கழற்றிப் பின்னால் சாய்த்தோம்.

ஃபியூஸ் அங்கே இருந்தது. ஆம்புக்குப் பக்கத்தில், ஒரு சாண் தூரத்தில், கண்ணாடி மூடி போட்ட ஹோல்டரில் 60 ஆம்பியர் ஃபியூஸ். "பார், ஃபியூஸெல்லாம் ஒழுங்கா போட்டிருக்கான்" என்றார் மாமா. நான் ஒன்றும் பேசாமல் பானெட்டைத் திறக்கப் போனேன். பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் ஒரு சிவப்பு வயர் நேராக முடுக்கப்பட்டிருந்தது. அங்கிருந்து, எஞ்சினுக்கும் நாம் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள ஃபயர்வால் தகடு வரை வேறு எந்த ஃபியூஸும் இல்லை. தகட்டில் துளை போட்டு வயரைத் திணித்திருந்தார்கள். விளிம்பு வயரை அறுக்காமல் இருக்கத் துளையில் போடும் ரப்பர் வளையமான கிரோமெட் இல்லை. வெறும் தகட்டு விளிம்பு. வயரை மெதுவாக உள்ளே இழுத்து, துளைக்குள் உட்கார்ந்திருந்த இடத்தைத் திருப்பிப் பார்த்தேன். சிவப்பு உறையில் ஒரு விரல் நகம் அகலத்துக்கு வெட்டு. வெட்டுக்குள் கம்பி இழைகள் தெரிந்தன. அந்த இழைகளில் சில செம்பு நிறத்தில், உரசிய இடங்களில் வெள்ளி நிறத்தில் மின்னின.

இரண்டு விஷயம் ஒரே இடத்தில் தெரிந்தது. வெள்ளி நிறம் என்றால் அது முழுச் செம்பு அல்ல, மேலே மெல்லிய செம்புப் பூச்சு போட்ட அலுமினியம். அதே தடிமனில் செம்பை விட ஒன்றரை மடங்குக்கும் மேல் தடை கொடுக்கும், ஈரத்தில் சீக்கிரம் அரிக்கும், திருகுக்கு அடியில் நசுங்கித் தளரும். ஒரு இழையைப் பிய்த்து லைட்டர் சுடரில் காட்டினேன். செம்பிழை சிவந்து நிற்கும், இது சுருண்டு உதிர்ந்தது. பெட்டியில் "நாலாம் கேஜ்" என்று எழுதி விற்றார்களாம். உறை மட்டும்தான் நாலாம் கேஜ் அளவுக்குத் தடிமனாக இருந்தது.

அது காசு ஏமாற்று, அதைக்கூட விட்டுவிடலாம். என்னால் விட முடியாதது அந்த வெட்டு. ஃபியூஸ் ஆம்பைக் காப்பாற்றுவதற்கு என்று பலரும் நினைக்கிறார்கள், கடையில் வேலை செய்கிறவர்கள் உட்பட. ஆம்பைக் காப்பாற்ற ஆம்பிலேயே ஃபியூஸ் இருக்கிறது, இதிலும் 30 ஆம்பியர் ஒன்று இருந்தது. நாம் தனியாகப் போடும் ஃபியூஸ் வயரைக் காப்பாற்றுவதற்கு. மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாயில் அடைப்பானைக் கீழே குழாய் வாயில் மட்டும் வைத்திருந்தால், நடுவில் குழாய் உடையும்போது எதைத் திருகி நிறுத்துவது? அதே கதைதான் இது. அந்த உறை இன்னும் கொஞ்சம் தேய்ந்து கம்பி தகட்டைத் தொட்டால், மின்சாரம் பேட்டரியிலிருந்து கிளம்பி அங்கேயே காரின் உடலுக்குள் இறங்கிவிடும். சீட்டுக்கு அடியில் இருக்கும் ஃபியூஸ் வரை அது வரவே வராது, ஃபியூஸுக்கு நடந்தது தெரியக்கூடத் தெரியாது. கார் பேட்டரி ஷார்ட்டில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். வயர் பழுக்கக் காய்ந்து உறை எரியும், பக்கத்தில் கார்பெட். ஸ்டீரியோவை அணைத்திருந்தாலும், சாவியை எடுத்து வீட்டுக்குள் போயிருந்தாலும் நடக்கும், ஏனென்றால் அந்த வயர் பேட்டரியோடு எப்போதும் சேர்ந்தே இருக்கிறது. அதனால்தான் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள், ஃபயர்வாலைத் தாண்டும் முன்பே ஃபியூஸ் இருக்க வேண்டும் என்று சொல்கிறார்கள்.

இந்தக் காரில்தான் என் மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்து வருகிறார் மாமா. வெட்டுப்பட்ட அந்தத் துண்டைக் கையில் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பெருவிரலால் வெட்டைத் தடவினார். "இவ்வளவு வருஷமும் இப்படியேவா இருந்தது?" என்று மட்டும் கேட்டார்.

அவர் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது அங்கேதான். பாடுகிறது என்பது ஆம்ப் சரியாக இருக்கிறது என்பதற்குச் சாட்சி. வயரைப் பற்றி அது எதையும் சொல்வதில்லை. தவறான இடத்தில் ஃபியூஸ் வைத்த காரும் சரியான இடத்தில் வைத்த காரும் காதுக்கு ஒரே மாதிரிதான் பாடும், வித்தியாசம் ஒரே ஒரு நாள்தான் தெரியும். கடைகளில் வாட் எவ்வளவு என்று கேட்கிறோம், பிராண்டு கேட்கிறோம், லைட் எரியுமா என்றுகூடக் கேட்கிறோம். பானெட்டைத் திறந்து காட்டு, ஃபியூஸ் எங்கே வைத்தாய் என்று யாரும் கேட்பதில்லை. கேட்காத வேலையை அவர்களும் கவனித்துச் செய்வதில்லை. மின்வெட்டு தொடங்கிய 2007க்கு அப்புறம் இன்வெர்ட்டரும் பேட்டரியும் பழகிப்போன நாடு இது. வீட்டுப் பேட்டரிக்கு ஃபியூஸ் எங்கே என்று எலக்ட்ரீஷியனைக் குடைகிற நாம் காரில் அதைக் கேட்காமலே விடுகிறோம்.

டிக்கியில்

மிச்ச வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முழுச் செம்பில் 16 சதுர மில்லிமீட்டர் வயர் வாங்கினோம், கேஜ் என்று எழுதியிருப்பதை நம்பாமல் கம்பியின் அளவைப் பார்த்து. துளைக்குக் கிரோமெட், அதற்கு மேல் நெளிவுக் குழாய் உறை. பேட்டரிக்குப் பக்கத்தில் 40 ஆம்பியர் ஃபியூஸ். இந்த வயர் அதற்கு மேலேயும் தாங்கும், ஆனால் ஆம்ப் கேட்பது 30க்குள் என்பதால் 40 போதும். பவர் வயரை ஒரு பக்கக் கதவோரமாகவும் ஆர்சிஏ வயரை மறுபக்கமாகவும் கொண்டுபோனோம். ஸ்டீரியோவைப் போட்டதும் ஆம்பை விழிக்க வைக்கும் ரிமோட் வயர் நீலத்தில் வெள்ளைக்கோடு போட்டதுதான். வெறும் நீலம் பவர் ஆன்டெனாவுக்கு உரியது, அதில் கொடுத்தால் சில ஸ்டீரியோக்களில் ரேடியோ வைக்கும்போது மட்டும்தான் ஆம்ப் விழிக்கும்.

டிக்கியில் எங்கே வைப்பது என்பதில் மாமாவுக்கும் எனக்கும் கொஞ்சம் வாக்குவாதம். ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் தரையில் வைக்கலாம் என்றார் அவர். டிக்கி ரப்பர் பழசானால் மழைத் தண்ணீர் தேங்கும் பள்ளம் அதுதான், வெள்ளத்துக்குப் பயந்து மாற்றிவிட்டு மறுபடியும் பள்ளத்திலா வைப்பது? பக்கவாட்டில் ஒரு பிளைவுட் பலகையை நிறுத்தி அதில் ஆம்பை உயரமாக, சூடு மேலே போக இடம் விட்டுப் பொருத்தினோம்.

நேரம் எடுத்தது எர்த்துக்குத்தான், எடுக்கவும் வேண்டும். பழைய எர்த் சீட் தண்டவாளத்து போல்ட்டில், பெயின்டின் மேலேயே உட்கார்ந்திருந்தது. கழற்றும் முன் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தபோது, பாட்டு சத்தமாக ஓடும்போது ஆம்பின் எர்த்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் 0.4 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. எதுவும் இருக்கக் கூடாத இடம் அது. புது இடத்துக்குச் சக்கர வளைவுக்குப் பக்கத்துத் தடித்த தகட்டைத் தேர்ந்தெடுத்தோம். துளை போடும் முன் காருக்கு அடியில் படுத்து அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். பெட்ரோல் டாங்கும் பிரேக் குழாயும் போகிற வட்டாரம், பார்க்காமல் டிரில்லைத் தொடக் கூடாது. சீட் பெல்ட் போல்ட் கைக்கு வசதியாகத்தான் இருந்தது, ஆனால் உயிரைப் பிடித்து நிறுத்துகிற போல்ட்டுக்குக் கீழே வேறு எதையும் சொருகக் கூடாது என்பது என் தீர்மானம்.

பெயின்டைச் சுரண்டும் வேலையை மாமா வாங்கிக்கொண்டார். உப்புத்தாளைச் சின்னதாக மடித்து வட்டமாகத் தேய்க்க, முதலில் மேல் நிறம் போனது, அடியில் சாம்பல் நிறப் பிரைமர், அதற்கும் கீழே பளபளவென்று இரும்பு. ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வட்டம். பல் வைத்த வாஷரை வைத்து, வயர் முனையின் லக்கை உட்கார வைத்து இறுக்கினோம். பற்கள் தகட்டில் கடித்துப் பிடித்த தடம் தெரிந்தது. இறுக்கிய பிறகு சுற்றிலும் பிரைமர் அடித்து மேலே வாஸ்லின் பூசினார். கடல் பக்கத்து ஊரில் பளபளப்பான இரும்பை அப்படியே விட்டால் அடுத்த மழைக்குத் துரு பிடித்துவிடும். புது எர்த் வயர் அரை மீட்டர்கூட இல்லை. மீட்டரில் 0.03 வோல்ட்.

நாதஸ்வரத்துக்குப் பின்னால் இருந்த சத்தம்

மாமா ஒரு விஷயத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நாதஸ்வரப் பதிவுகளில் பின்னால் மெல்லிய சீழ்க்கை ஒன்று கேட்கும், அது பழைய ஒலிநாடாவின் குறை என்று நினைத்திருந்தார். இப்போது எஞ்சினைக் கிளப்பிப் பாட்டைப் போட்டதும் சத்தத்தைக் குறைத்தார், கூட்டினார், ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். "அந்த ஊளை எங்கே?" என்றார்.

அது, எஞ்சின் ஓடும்போது காருக்கு மின்சாரம் செய்து கொடுக்கும் ஆல்டர்னேட்டரின் ஊளை. உள்ளே உற்பத்தியாவது மாறுமின்சாரம், அதை டயோடுகள் நேர்மின்சாரமாக்கும்போது சிறு நடுக்கம் மிச்சமிருக்கும். 12 துருவ ஆல்டர்னேட்டர் எஞ்சினைப் போல இரண்டரை மடங்கு சுற்றுகிறது என்று வைத்தால், 800 ஆர்பிஎம்மில் கார் நிற்கும்போதே அந்த நடுக்கம் 1200 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இருக்கும், மிதிக்க மிதிக்க ஏறும். மனிதக் குரலும் நாதஸ்வரமும் உயிரோடு இருக்கிற இடமும் அதுதான். ஸ்டீரியோவின் எர்த்துக்கும் ஆம்பின் எர்த்துக்கும் நடுவில் வோல்ட் வித்தியாசம் இருந்தால் அந்த நடுக்கம் ஆர்சிஏ வயரின் வலை வழியாக ஓடிப் பாட்டோடு கலந்துவிடும். ஃபில்டர் வாங்கிப் போடு என்று கடைகளில் சொல்வார்கள். நல்ல எர்த் இருந்தால் பெரும்பாலும் அதற்குத் தேவை வராது என்பது என் அபிப்பிராயம், இந்தக் காரில் வரவில்லை.

கெயின் திருகையும் சரி செய்தோம். பழைய ஆட்கள் அதை முழுக்கத் திருப்பிவைத்திருந்தார்கள். அது வால்யூம் இல்லை, ஸ்டீரியோ அனுப்பும் அளவுக்கு ஆம்பைப் பொருத்துகிற இடம். 4 ஓம் ஸ்பீக்கருக்கு 50 வாட் என்றால் 14.1 வோல்ட். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, ஸ்டீரியோவை முக்கால் வால்யூமில் வைத்து, 1000 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓட விட்டு, மல்டிமீட்டரை ஏசியில் வைத்து அந்த எண் வரும்வரை மெதுவாகத் திருப்பினோம். கதவு ஸ்பீக்கர்களுக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டோம். தவில் கொஞ்சம் மெலிந்தது, நாதஸ்வரச் சீவாளியின் நெளிவு தெளிந்தது. மாமாவுக்கு அந்த வியாபாரம் சம்மதம்.

மறுநாளே மாமா என் மச்சானுக்குப் போன் போட்டு, "உன் பக்கியில ஃபியூஸ் எங்கேடா இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். பக்கி என்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் பிக்கப் வண்டி. அவன் பானெட்டைத் திறந்து படம் எடுத்து அனுப்பினான். பேட்டரியிலிருந்து ஒரு சிவப்பு வயர் நேராகத் தகட்டுக்குள் போகிறது, ஃபியூஸ் எங்குமே இல்லை. பேட்டரிப் பக்கத்து முனையைக் கழற்றி டேப் சுற்றி வைக்கச் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை கொண்டுவருவான். ஹோல்டரும் கிரோமெட்டும் வாங்கி வைத்தாயிற்று. உப்புத்தாளை மாமா ஏற்கெனவே எடுத்து வைத்துக்கொண்டார்.